மீண்டும் பயன்படும் கணிப்புக் கூறுகள்: பெங்களூரு அனுபவம்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கோவிட் தொற்றின் வேகத்தைக் குறைக்க அது உதவும் என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. ஆனால் எத்தனை நாட்களுக்கு அதை நீட்டிப்பது, தளர்த்தும்போது எதை முதலில் திறப்பது, பள்ளிகளை மூடி வைத்து அலுவலகங்களை மட்டும் பாதி ஆட்களுடன் நடத்தினால் மருத்துவமனைப் படுக்கைகள் போதுமா என்ற வினாக்களுக்கு எந்த அரசுக் கோப்பிலும் விடை இல்லை. மக்கள்மீது சோதித்துப் பார்த்து விடை காண்பதும் இயலாது. சோதனை தவறினால் இழப்பது உயிர்களை அல்லவா?

இத்தகைய நிலையில் கைகொடுப்பதே 'சிமுலேஷன்' எனப்படும் பாவனைக் கணிப்பு. உண்மையான நகரத்தைப் போன்ற ஒரு நகரத்தைக் கணிப்பொறிக்குள் அமைத்து, அதில் நோயைப் பரவவிட்டு, கட்டுப்பாடுகளை மாற்றி மாற்றி என்ன நேரிடுகிறது எனப் பார்க்கும் முறை இது. பெங்களூருவிலுள்ள இந்திய அறிவியல் கழகமும் மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து 2020இல் அத்தகைய கணிப்பொறி நகரங்களை உருவாக்கின. ராஜேஷ் சுந்தரேசன், சந்தீப் ஜுனேஜா முதலிய பேராசிரியர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் அடங்கிய குழுவின் உழைப்பு அது. அவர்கள் கண்ட முடிவுகள் அப்போதே பேசப்பட்டன. அம்முடிவுகளைத் தந்த நிரல் எவ்வாறு பகுத்து அமைக்கப்பட்டிருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அடுத்த தொற்றின்போதும் அடுத்த வெள்ளத்தின்போதும் நமக்குப் பயன்படப் போவது அந்த இரண்டாவது செய்தியே.

நகரம் வேறு, நோய் வேறு

பெங்களூருவுக்கான கணிப்பில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட கற்பனை மனிதர்கள் தனித்தனியாகக் கணிப்பொறியில் படைக்கப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் வயது உண்டு, வீடு உண்டு, சிறுவராயின் பள்ளியும், வேலை செய்பவராயின் பணியிடமும் உண்டு. அப்போதைய பெங்களூரு மாநகராட்சியின் 198 வட்டங்களில் ஏதேனும் ஒன்றில் அவர் வசிப்பார். குடும்பத்தில் எத்தனை பேர், எந்த வயதினர் எத்தனை விழுக்காடு, வேலைக்குச் செல்வோர் எவ்வளவு தொலைவு பயணம் செய்கின்றனர் என்பவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற பொதுப் புள்ளிவிவரங்களிலிருந்து பெறப்பட்டன. இந்தக் கற்பனை மனிதர்களுள் எவரும் உண்மையான பெங்களூருவாசி அல்லர். எனினும் அவர்களைக் கூட்டாக எடுத்துக்கொண்டால் நகரத்தின் சாயல் தெரியும். தனிமனிதரின் அந்தரங்கத்தைத் தொடாமல் ஆய்வு நடத்த இது ஒரு சிறந்த வழி.

நோய்ப் பரவல் ஆறு ஆறு மணி நேரமாக, ஒரு நாளுக்கு நான்கு படிகளில் கணக்கிடப்பட்டது. வீட்டிலும் வகுப்பறையிலும் பணியிடத்திலும் சுற்றுப்புறத்திலும் பயணத்திலும் ஒருவர் எத்தனை தொற்றாளருடன் பழகுகிறாரோ, அதற்கேற்ப அவருக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்புக் கூடும். தொற்றியவர் அறிகுறி தோன்றாமலேயே குணமடையலாம், மருத்துவமனைக்குச் செல்லலாம், தீவிர சிகிச்சைப் பிரிவை அடையலாம், மரணமும் நேரலாம். ஒவ்வொரு திருப்பத்திலும் கணிப்பொறி ஒருவகையில் சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது. ஆகவே ஒரே நகரத்தைப் பலமுறை ஓட்டி, விடைகளின் சராசரியையும் அவை எவ்வளவு விலகிச் சிதறுகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை ஓட்டிய கணிப்பைக் காட்டி, 'இன்ன தேதியில் இத்தனை பேர்' என்று அறிக்கை எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது கணிப்பு அன்று; சோதிடம்.

இப்பணியின் அமைப்பில் கவனிக்கத்தக்கது இதுவே: நகரத்தைப் படைக்கும் நிரலும் நோயைப் பரப்பும் நிரலும் தனித்தனியே எழுதப்பட்டன. முன்னது 'பைதான்' மொழியிலும், பின்னது வேகத்தை முன்னிட்டு 'சி பிளஸ் பிளஸ்' மொழியிலும் அமைந்தன. தனிநபர்கள், வீடுகள், பள்ளிகள், பணியிடங்கள், வட்டங்கள் என்று தனித்தனிக் கோப்புகளே இரண்டுக்கும் இடையிலான பாலம். நோய் நிரல் அக்கோப்புகளைப் படித்துக்கொள்ளும். அவை பெங்களூருவைச் சேர்ந்தவையா, மும்பையைச் சேர்ந்தவையா என்று அது கேட்பதில்லை.

இதனால்தான் அதே நிரலை மும்பைக்கும் ஓட்ட முடிந்தது. ஆயினும் ஓர் ஊரின் சட்டை மற்றோர் ஊருக்கு அப்படியே பொருந்திவிடாது. மும்பையின் 24 வட்டங்களில் குடிசைப் பகுதியையும் பிற பகுதியையும் பிரித்துக் காட்டாமல் கணக்கு சரிவராது. 2020 ஜூலையில் மூன்று வட்டங்களில் நடந்த எதிர்ப்புரத ஆய்வில், குடிசைப் பகுதிகளில் சுமார் 57 விழுக்காட்டினருக்கும் பிற பகுதிகளில் சுமார் 16 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்து சென்றிருந்தது தெரியவந்தது. நகரம் ஒன்றே, ஆனால் நோயைப் பொறுத்தவரை இரண்டு நகரங்கள். புறநகர் ரயில்களையும் மும்பைக்கெனத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. பின்னர் அந்த ரயில்களை எப்போது முழுமையாகத் திறக்கலாம் என்ற வினாவுக்கும் இக்கணிப்பு பயன்பட்டது. மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றி, எஞ்சியதைத் தொடாமல் விட முடிந்ததே இதற்குக் காரணம்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு லண்டனில் உண்டு. 2020 மார்ச் 16ஆம் நாள் வெளியான இம்பீரியல் கல்லூரியின் அறிக்கை பிரிட்டனின் கொள்கையையே திசைதிருப்பியது. அவ்வறிக்கைக்கு அடிப்படையான நிரலை எல்லோரும் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அது பதின்மூன்று ஆண்டுகளுக்கும் முன்னர் இன்ஃபுளுவென்சா தொற்றுக்காக எழுதப்பட்டதென்றும், விளக்கக் குறிப்புகள் இல்லாத ஆயிரக்கணக்கான வரிகளைக் கொண்டதென்றும் அதனை எழுதிய நீல் ஃபெர்குசனே தெரிவித்தார். வெளியிலிருந்து வந்த வல்லுநர்களின் உதவியுடன் அதைச் சீரமைத்த பிறகே பொதுப் பார்வைக்கு வைக்க முடிந்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் எக்லன் அந்நிரலைத் தாமே ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முக்கிய முடிவுகள் மீண்டும் கிடைக்கின்றன எனச் சான்றளித்தார். நிரல் தவறானது அன்று என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால் ஒரு நாட்டின் பள்ளிகளை மூடுவதா வேண்டாமா என்று முடிவு செய்த நாட்களில், அதைப் பிறர் சரிபார்க்கும் நிலை இருக்கவில்லை.

கூறு என்பது யாது?

பெரிய நிரலைப் பகுதிகளாகப் பிரிப்பது புதிய சிந்தனை அன்று. ஆனால் பிரித்த பகுதி 'கூறு' என்னும் தகுதியைப் பெறச் சில நிபந்தனைகள் உண்டு. தனக்கு என்ன தேவை, தான் என்ன தரும், எந்தக் கால அளவில் இயங்கும் என்பவற்றை அது வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அதன் உள்ளே எட்டிப் பார்க்காமலேயே மற்றொருவர் அதைத் தம் பணியில் பொருத்திக்கொள்ள இயல வேண்டும். வேறொரு கூறு நன்றாக இருந்தால் இதை எடுத்துவிட்டு அதை வைக்கவும் இடம் வேண்டும்.

இந்நிபந்தனைகளையே ஒழுங்குமுறையாக ஆக்கியுள்ள தொகுப்பு ஒன்று, 'ஆர்' என்னும் புள்ளியியல் மொழியில் உள்ளது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி 'ஆர்'. இருவர் பெயரின் முதலெழுத்தே மொழிக்கும் பெயராயிற்று. கட்டணமின்றிக் கிடைப்பதாலும், பயனர்கள் எழுதிச் சேர்த்த தொகுப்புகள் 20,000த்துக்கும் மேற்பட்டு அதன் பொதுக் களஞ்சியத்தில் இருப்பதாலும், நம் பல்கலைக்கழகங்களில் அது வேரூன்றியுள்ளது. கனடா நாட்டு வனத்துறையின் ஆய்வாளர்களான எலியட் மெக்கன்டயர், அலெக்ஸ் சுபேட்டி முதலியோர் காட்டுத் தீ, மர வளர்ச்சி, வனவிலங்குகளின் வாழிடம் ஆகியவற்றை ஒருங்கே கணிக்கும் பொருட்டு இம்மொழியில் 'ஸ்பேட்ஸ்' என்ற தொகுப்பை அமைத்தனர். தீயைப் பற்றி ஒருவர் எழுதிய கூறும், மரங்களைப் பற்றி மற்றொருவர் எழுதிய கூறும் ஒரே நிலப்படத்தின் மீது இணைந்து ஓட வேண்டும் என்பதே அவர்களது தேவை. பின்னாளில் அந்தத் தொகுப்பே மிகவும் பெரிதாகிவிட்டதால், அதையும் சிறு சிறு தொகுப்புகளாகப் பிரித்தனர். பிறருக்குச் சொன்ன விதியைத் தமக்கும் பொருத்திக்கொண்டார்கள் எனலாம்.

ஸ்பேட்ஸின் மையக் கருத்தைப் பேருந்து நிலையத்தின் நேரக்காப்பாளரை நினைத்தால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அவர் எந்தப் பேருந்தையும் ஓட்டுவதில்லை. எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்ற பட்டியல் மட்டும் அவரிடம் உண்டு. நேரம் வந்ததும் வண்டியை அனுப்புவார். சென்று திரும்பும் வண்டி தனது அடுத்த நடைக்கான நேரத்தைப் பதிவு செய்துகொள்ளும். ஸ்பேட்ஸிலும் நிகழ்வுகளின் பட்டியல் ஒன்று காலவரிசைப்படி இருக்கும். பட்டியலில் முதலாவது நிற்கும் நிகழ்வு எந்தக் கூறுக்கு உரியதோ, அக்கூறு இயங்கும். தன் வேலையை முடித்தபின், மீண்டும் தன்னை எப்போது அழைக்க வேண்டும் என்பதை அது பட்டியலில் எழுதிவிடும். ஒரு கூறு ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றொன்று நாள்தோறும் இயங்கலாம். ஒவ்வொன்றும் தன் கால அலகை அறிவித்துவிட்டால் போதும். பொதுக் கடிகாரத்துக்கு மாற்றிக் கணக்கிடுவது தொகுப்பின் பொறுப்பு.

ஏரிகளின் நகரில்

பெங்களூரு வெள்ளத்தை எடுத்துக்கொண்டால் இதன் பயன் புலப்படும். 2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த மழையில் வெளிவட்டச் சாலையும் பெல்லந்தூர், மகாதேவபுரம் பகுதிகளும் நீரில் மூழ்கின. மழை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. பெங்களூரு ஒரு மேட்டின்மீது அமைந்த நகரம். அங்குப் பெய்யும் மழைநீர் ஹெப்பாள், கோரமங்கலா–சல்லகட்டா, விருஷபாவதி என்னும் பள்ளத்தாக்குகள் வழியே இறங்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சங்கிலி போல் அமைந்த ஏரிகள் வழிநெடுக நீரைத் தேக்கி விடுவித்து வந்தன. அந்தச் சங்கிலி பல இடங்களில் அறுந்தது. மண் இருந்த இடத்தில் சிமென்ட் தளம் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையத்தில் டி. வி. ராமச்சந்திரா குழுவினர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளின்படி, 1973இல் நகரப் பரப்பில் சுமார் 8 விழுக்காடே கட்டடங்களால் மூடப்பட்டிருந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அது பாதிக்கும் மேலாயிற்று. நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அண்டைக் கட்டங்களின் நிலையைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்தின் எதிர்காலத்தையும் கணிக்கும் முறையையும் அக்குழுவினர் கையாண்டனர்.

இதைக் கூறுகளாக அமைப்பதாகக் கொள்வோம். நிலப் பயன்பாட்டு மாற்றம் ஒரு கூறு. அது ஆண்டுக்கு ஒருமுறை இயங்கி, எந்தக் கட்டத்தில் கட்டடம் எழுந்தது என்ற படத்தைத் தரும். மழை மற்றொரு கூறு. அது மணிக்கணக்கில் இயங்கும். அந்தப் படத்தையும் மழையளவையும் பெற்றுக்கொண்டு, ஓடும் நீரைக் கணக்கிடுவது மூன்றாவது. ஏரிகள் நிரம்பி மறுகால் பாய்வதைக் கணக்கிடுவது நான்காவது. ஏரி ஒன்றைத் தூர்வாரினால் வெள்ளம் எவ்வளவு குறையும் என்று கேட்கும் அதிகாரி நான்காவது கூறின் ஓர் அளவை மட்டும் மாற்றினால் போதும். நிலப் பயன்பாட்டைக் கணிக்க இதைவிடச் சிறந்த முறையை ஒரு மாணவர் கண்டறிந்தால், முதற் கூறை மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். இவை யாவும் ஒரே நிரலாகப் பிணைந்திருந்தால், எந்த மாற்றத்துக்கும் முழு நிரலையும் அறிந்தவர் ஒருவரைத் தேடிச் செல்ல நேரும். அவர் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்று வேறு ஊருக்குச் சென்றிருப்பார்.

அமைத்தலும் பகிர்தலும்

ஸ்பேட்ஸில் புதிய கூறு ஒன்றைத் தொடங்க ஒரே கட்டளை போதும். அக்கட்டளை ஒரு கோப்புறையை அமைத்து, அதனுள் நிரலின் எலும்புக்கூடு, விளக்க ஆவணம், தரவுக்கான இடம், சோதனைகளுக்கான இடம் ஆகியவற்றை வைத்துத் தரும். மாணவர் முதலில் நிரப்ப வேண்டியது கணக்கை அன்று, முகப்புக் குறிப்பை. கூறின் பெயர், எழுதியவர், பதிப்பு எண், கால அலகு, தேவைப்படும் பிற தொகுப்புகள், அளவுருக்கள், உள்ளீடுகள், வெளியீடுகள் ஆகியவை அதில் இடம்பெறும். ஒவ்வோர் அளவுருவுக்கும் இயல்பான மதிப்பையும், குறைந்த, கூடிய எல்லைகளையும், ஒரு வரி விளக்கத்தையும் தர வேண்டும். இதைச் சலிப்பான எழுத்தர் வேலை எனப் பலர் எண்ணுவர். ஆனால் கூறுகளை இணைக்கும்போது, எதன் வெளியீடு எதன் உள்ளீடு என்பதை இக்குறிப்பைக் கொண்டே தொகுப்பு கண்டறிந்து, எது முன்னர் ஓட வேண்டும் என வரிசைப்படுத்துகிறது. குறிப்புப் பொய்த்தால் வரிசையும் பொய்க்கும்.

அடுத்தது 'தொடக்கம்' என்னும் நிகழ்வு. கூறு முதன்முதலில் விழித்தெழும்போது செய்ய வேண்டியவை அதில் அடங்கும். பின்னர் அதன் வழக்கமான வேலையும், அடுத்த அழைப்புக்கான பதிவும் வரும். உள்ளீட்டுக்கு மாதிரித் தரவு ஒன்றையும் கூறுடனேயே வைக்க வேண்டும் என்பது நல்ல மரபு. வேறு எந்தக் கூறும் இல்லாத நிலையிலும் அது தனித்து ஓடிக் காட்டினால்தான், புதிதாக எடுப்பவருக்கு நம்பிக்கை பிறக்கும். தரவுக் கோப்புகள் இடையில் மாறிவிடவில்லை என்பதைச் சரிபார்க்கும் எண்களும் ஒரு கோப்பில் பதிவாகின்றன. மழையளவுக் கோப்பில் யாரோ ஓர் எண்ணைத் திருத்திவிட்டால், சரிபார்ப்பின்போது அது வெளிப்பட்டுவிடும்.

பகிர்வது இதன் பிறகு எளிது. கோப்புறையைச் சுருக்கி அனுப்பலாம். பொதுக் களஞ்சியத்தில் வைத்து, பெயரைச் சொன்னதும் இறக்கிக்கொள்ளச் செய்யலாம். எளிதல்லாதவை வேறு சில.

முதலாவது, எண்களை அப்படியே எடுத்தாள்வது. பெங்களூரு நோய்க் கணிப்பின் பரவல் அளவுகள், 2020இன் தொடக்க வாரங்களில் நாட்டில் பதிவான மரணங்களுடன் பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. அந்நிரலை எடுத்து மதுரைக்கோ கொழும்புக்கோ ஓட்டுபவர் அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். எண்களை மீண்டும் பொருத்தியே ஆகவேண்டும். கூறு பயணம் செய்யும். அளவுரு பயணம் செய்யாது.

இரண்டாவது, எல்லைகள். 2025இல் பெங்களூரு மாநகராட்சிக்குப் பதிலாகப் பெருநகர ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் ஏற்பட்டன. வட்டங்களின் எல்லைகளும் மாறின. 198 என்ற எண்ணை வரிக்கு வரி எழுதி வைத்த நிரல் எதுவானாலும் அன்றோடு பழுதாகும். வட்டங்களைக் கோப்பிலிருந்து படிக்கும் நிரலுக்குப் புதிய கோப்பு ஒன்றே தேவை. ஆனால் அக்கோப்பை நிரப்புவதற்கு வேண்டிய மக்கள்தொகை விவரம் 2011இன் கணக்கெடுப்பே. 2021இல் நடக்க வேண்டியது தள்ளிப் போயிற்று. எவ்வளவு நேர்த்தியான கூறும் பழைய எண்ணைப் புதிதாக்க இயலாது.

மூன்றாவது, வேகம். ஒரு கோடி மனிதர்களை ஆறு மணிக்கு ஒருமுறை கணக்கிடும் பணிக்கு 'ஆர்' மொழி மட்டும் போதாது. கடுமையான பகுதியை 'சி பிளஸ் பிளஸ்' மொழியில் எழுதி, 'ஆர்' மொழியிலிருந்து அழைக்கும் வழி உண்டு. அசோகா பல்கலைக்கழகத்தில் கௌதம் மேனன் முதலியோர் தாட்வொர்க்ஸ் நிறுவனத்துடன் உருவாக்கிய 'பாரத்சிம்' என்னும் அமைப்பு, இதே நோக்கத்துக்கு 'ஸ்காலா' என்ற மொழியைத் தேர்ந்தெடுத்தது. மொழி எதுவாயினும் கூறின் முகப்புக் குறிப்பு தெளிவாக இருந்தால் பெரும் இடர் இல்லை.

அரசு அலுவலர் கவனிக்க வேண்டியது

அரசு அலுவலகங்கள் கணிப்புப் பணியை வெளியாரிடம் ஒப்படைக்கும்போது, பொதுவாகக் கேட்டுப் பெறுவது அறிக்கையை மட்டுமே. அறிக்கை அலமாரிக்குச் செல்லும். நிரல் ஆலோசகரிடமே தங்கிவிடும். இரண்டாண்டு கழித்து அதே வினா எழும்போது, அதே கணக்குக்கு மீண்டும் பணம் ஒதுக்கப்படும். இதைத் தவிர்க்க வழிகாட்டும் கொள்கைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2012இன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை பொதுத் தரவுகளை வெளியிடச் சொல்கிறது. 2015இல் மத்திய அரசு திறந்தமூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையையும், அரசு செயலிகளின் மூலநிரலைத் திறந்துவைக்கும் கொள்கையையும் வெளியிட்டது. ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் சேர்த்தால் இவை உயிர் பெறும்: நிரலும் தரவும் அறிக்கையுடன் ஒப்படைக்கப்பட வேண்டும், ஒவ்வொரு கூறுக்கும் விளக்க ஆவணம் இருக்க வேண்டும், வேறொரு கணிப்பொறியில் அதே முடிவு கிடைப்பதைத் துறையின் அலுவலர் ஒருவர் ஓட்டிப் பார்த்து ஒப்பமிட வேண்டும், உரிமம் எழுத்தில் தரப்பட வேண்டும். உரிமம் இல்லாமல் பொதுவில் வைக்கப்பட்ட நிரலைப் படிக்கலாமே தவிர, எடுத்தாள்வதற்குச் சட்டப்படி யாருக்கும் உரிமை இல்லை என்பது பலர் அறியாத செய்தி.

மூன்றாவது வரியை நிறைவேற்ற ஆள் வேண்டும். மாவட்ட அளவில் 'ஆர்' மொழி அறிந்த புள்ளியியல் அலுவலர்கள் ஒரு சிலரேனும் இருந்தால்தான் அது நடக்கும். பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் திறந்தமூல மென்பொருள் கல்வித் திட்டம் 'ஆர்' மொழியையும் மாணவர்களிடம் கொண்டு செல்கிறது. பாடநூல் கணக்குகளை அம்மொழியில் எழுதும் பயிற்சி அதில் உண்டு. அதைப் போலவே, தம் ஊரின் ஏரி ஒன்றையோ பேருந்துத் தடம் ஒன்றையோ கூறாக எழுதித் தருவதை முதுநிலை மாணவரின் ஆய்வுப் பணியாக ஏற்கலாம்.

அதற்கான இடங்கள் அருகிலேயே உள்ளன. பெல்லந்தூர் ஏரியின் நீர் வர்த்தூர் ஏரியை அடைந்து, அங்கிருந்து தட்சிண பினாகினியில் கலக்கிறது. அந்த ஆறு எல்லையைக் கடந்ததும் தென்பெண்ணை எனப் பெயர் பெற்று, ஓசூருக்கு அருகில் கெலவரப்பள்ளி அணையை வந்தடைகிறது. பெங்களூருவின் மழையும் கழிவும் நுரையும் அந்த அணைக்கு வந்து சேர்கின்றன. பெங்களூருவில் எழுதப்படும் ஏரிக் கூறின் வெளியீடு, ஓசூரில் எழுதப்படும் அணைக் கூறுக்கு உள்ளீடாக வேண்டும். இரண்டையும் எழுதுபவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டியதில்லை. நீரின் அளவை எந்த அலகில், எத்தனை மணிக்கு ஒருமுறை தருவது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் போதும்.